கட்டடத்தை வீழ்த்துவது எது?



2022 ஆகஸ்ட் 28, பிற்பகல் 2.30 மணி. உத்தரப் பிரதேச மாநிலம் நொய்டாவில், விதிமீறிக் கட்டப்பட்ட இரட்டைக் கோபுரங்கள் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சில விநாடிகளில் தரைமட்டமாயின. உயரம் சுமார் 100 மீட்டர். வெடிமருந்து சுமார் 3,700 கிலோ.

ஆனால் அவற்றைக் கீழே இறக்கியது அவற்றின் சொந்த எடைதான். தாங்கி நிற்கும் தூண்களை முறிப்பதோடு வெடிமருந்தின் வேலை முடிந்துவிடும். தூண்களில் துளையிட்டு மருந்தை அடைப்பார்கள். சில்லுகள் தெறிக்காதிருக்கத் தூணைச் சுற்றிக் கம்பி வலையும், அதன்மேல் தடித்த துணியும் கட்டுவார்கள். எல்லாத் துளைகளும் ஒன்றாக வெடிப்பதில்லை; மிகச் சிறு இடைவெளி விட்டு வரிசையாக வெடிக்கும். எந்தப் பக்கத் தூண்கள் முதலில் முறிகின்றனவோ, அந்தப் பக்கம் கட்டடம் சாயும். சென்னை மௌலிவாக்கத்தில் 2016 நவம்பர் 2-ஆம் தேதி 11 மாடிக் கட்டடம் தகர்க்கப்பட்டதும் இந்த முறையில்தான்.

நம் தெருக்களில் வீடுகளை இடிக்கப் பெரும்பாலும் பிரேக்கர் இயந்திரமும் கடப்பாரையும் சம்மட்டியும்தான். அங்கே முதல் விதி, மேலிருந்து கீழே இடித்து வருவது. அடிச்சுவரை முதலில் தட்டினால், மேல்தளம் வேலை செய்பவர் தலைமேல் விழும்.

பழைய வீட்டை இடிக்கக் கொடுக்கும் நேயர்களே, மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதா, தொழிலாளர் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.