டில்லியில் பெருமை, ஊரில் வடு: ‘காலனி’ என்ற சொல் படும் பாடு

தலைநகருக்குப் புதிதாக வந்து சேரும் தமிழரிடம் இந்திக்காரர்கள் சர்வசாதாரணமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கௌன்ஸீ காலனி மே ரஹ்தே ஹோ?” எந்தக் காலனியில் குடியிருக்கிறாய் என்று அர்த்தம். கேட்பவர் மனதில் விகற்பம் எதுவும் கிடையாது. ஆனால் விழுப்புரம், சேலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவருக்கு அது சுருக்கென்று தைக்கும். அவர் ஊரில் “காலனியா?” என்று கேட்டால், “என்ன ஜாதி?” என்று கேட்டதற்குச் சமம்.

இத்தனைக்கும் இது உழவனிடமிருந்து பிறந்த சொல். லத்தீன் மொழியில் ‘கோலோனுஸ்’ என்றால் நிலத்தை உழுகிறவன். ரோமானியர்கள் தாங்கள் வென்ற நாடுகளில் தங்கள் ஆட்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய இடம் ‘கோலோனியா’. ஜெர்மனியில் உள்ள கொலோன் நகரத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். பின்னாளில் ஐரோப்பியர் கடல் கடந்து பிடித்த நாடுகளெல்லாம் காலனிகள் ஆயின. இலங்கை 1802 முதல் 1948 வரை பிரிட்டிஷ் மகுடத்தின் காலனியாக இருந்தது. அங்கே காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூலிகளாகப் போனவர்கள் நம்மவர்கள். எறும்புக் கூட்டத்துக்கும் ஆங்கிலத்தில் காலனி என்றுதான் பெயர். ஆஸ்பத்திரி லாபரேட்டரியில் கண்ணாடித் தட்டில் வளரும் கிருமித் திட்டும் காலனிதான். போதாக்குறைக்குத் தமிழ்நாட்டுப் போர்டு எழுதும் பெயிண்டர்கள் இரண்டு சுழி ‘ன’ போட வேண்டிய இடத்தில் மூன்று சுழி ‘ண’ போட்டு, ஆசிரியர் குடியிருப்பைச் செருப்பாக்கி விடுகிறார்கள்!

டில்லியில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் மவுசே வேறு. 1940களில் வெள்ளைக்கார சர்க்கார் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய லோதி காலனி நம்மவர்களுக்குப் பழகிய இடம். பக்கத்திலிருக்கும் லோதி எஸ்டேட்டில் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. (எஸ்டேட் என்றதும் வால்பாறைத் தேயிலையைத் தேட வேண்டாம், இங்கே அது பங்களாக்கள் நிறைந்த பகுதி.) பிரிவினையில் பாகிஸ்தானில் வீடு வாசலை இழந்து வந்த ராணுவ அதிகாரிகளுக்கு மனை கொடுத்து உருவானது டிபென்ஸ் காலனி. நியூ பிரெண்ட்ஸ் காலனி என்று விலாசத்தில் இருந்தாலே கல்யாணத் தரகர் நிமிர்ந்து உட்காருவார். வீட்டு வரிக்காக 2004 முதல் டில்லி மாநகராட்சி காலனிகளை ‘ஏ’ முதல் ‘எச்’ வரை எட்டுப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. நியூ பிரெண்ட்ஸ் காலனி அதில் ‘ஏ’.

கீழ்ப் படிகளிலும் காலனிகள் உண்டு. ஜே.ஜே. காலனி என்றால் ஏதோ அம்மையாரின் பெயர் என்று நினைத்துப் பூரித்துப்போன அ.தி.மு.க. அனுதாபிகள் உண்டு. அது ஜுக்கி ஜோப்டி, அதாவது குடிசைவாசிகளுக்கான மாற்று இடம். 1975-77 எமர்ஜென்சியின்போது குடிசைகளை இடித்து, ஆளுக்கு 25 சதுர கஜம் மனை என்று அளந்து கொடுத்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். திரிலோக்புரி, மங்கோல்புரி, தட்சிண்புரி எல்லாம் இப்படி வளர்ந்தவைதான். இன்று அங்கே மாடி வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. இது தவிர, அனுமதியில்லாத காலனிகள் ஒரு ரகம். 2019-ல் பார்லிமெண்ட் சட்டம் இயற்றி 1,731 அனுமதியற்ற காலனிகளில் குடியிருப்போருக்குச் சொத்துரிமை வழங்க வழி செய்தது. ஆக, டில்லியில் காலனி என்ற வார்த்தை ஜாதியைச் சொல்வதில்லை. காசையும் காகிதத்தையும் சொல்கிறது. சர்க்கார் ஏட்டில் காலனி என்று ஏறிவிட்டால் சாலை, சாக்கடை, குழாய் என்று கேட்க ஒரு வாய் கிடைத்தது என்று பொருள்.

தமிழ்நாட்டிலும் பட்டணத்துக் காலனிகளுக்குக் குறைச்சல் இல்லை. டீச்சர்ஸ் காலனி, பேங்க் காலனி, ரயில்வே காலனி என்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. என்.ஜி.ஓ. காலனி என்பது கெஜட் பதவி பெறாத உத்தியோகஸ்தர்களின் காலனி. தர்ம ஸ்தாபனம் அல்ல. இவற்றில் குடியிருப்பவர் தலை நிமிர்ந்தே விலாசம் சொல்கிறார்.

கிராமத்துக் கதை வேறு. அங்கே ஊர் என்று ஒன்று, சேரி என்று ஒன்று. தாழ்த்தப்பட்டவர்களுக்கு சர்க்கார் வீடு கட்டிக் கொடுத்தபோது அதற்கு ஹரிஜன் காலனி, ஆதிதிராவிடர் காலனி என்று பெயர் வைத்தது. நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். ஆனால் ஊராரின் வாய்க்குள் போன பிறகு முன்னால் இருந்த சொல் உதிர்ந்து ‘காலனி’ மட்டும் நின்றது; சேரியின் இழிவை முழுவதும் அது வாங்கிக்கொண்டது. பஸ்ஸில் ‘காலனி ஸ்டாப்’ என்று டிக்கெட் கேட்டால் பக்கத்து ஸீட்காரர் ஒரு முறை ஏற இறங்கப் பார்க்கிறார். இந்தப் பிரிவை உடைக்க 1997-ல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டத்தில் 100 வீடுகளில் 40 தாழ்த்தப்பட்டவர்களுக்கு, மற்றவை மற்ற ஜாதியாருக்கு என்று கலந்து கொடுத்தார்கள். அங்கே ‘காலனி’ என்ற பெயரைக் கவனமாகத் தவிர்த்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

2025 ஏப்ரல் 29 அன்று, முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் சட்டசபையில் ஓர் அறிவிப்பு செய்தார். ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் குறியீடாகிவிட்ட ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு அக்டோபரில், ஜாதியைக் குறிக்கும் தெரு, குடியிருப்புப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையும் வந்தது.

அறிவிப்பு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 1 அன்று டில்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரமாக இருந்த மதராஸி கேம்ப், ஐகோர்ட் உத்தரவின் பேரில் இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகள். பெரும்பாலும் வடதமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் வந்தவர்கள். பக்கத்துக் காலனிகளில் பாத்திரம் தேய்த்தும் காவல் காத்தும் பிழைத்தவர்கள். பாதிக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்களுக்கே நகரின் வடகோடியில் நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது. மற்றவர்களுக்குத் தகுதி இல்லை என்றார்கள்.

கேம்ப் என்றாலும் காலனி என்றாலும் குடியிருப்புதானே என்று கேட்கலாம். இல்லை. கேம்ப் என்றால் கூடாரம். தங்கிவிட்டுப் போகிற இடம். அறுபது வருஷம் குடியிருந்தாலும் ஏட்டில் அது கேம்ப்தான். ஊரில் எந்தச் சொல்லை உதறினால் போதும் என்று ஒருவர் ரயில் ஏறினாரோ, அதே சொல் டில்லியில் தன் தகரக் கூரைக்குக் கிடைக்காதா என்று ஏங்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் டிபென்ஸ் காலனி, இந்தப் பக்கம் மதராஸி கேம்ப். இடையில் சில பர்லாங்குகள்.

பெயரை மாற்றினால் ஆகப் போவது என்ன என்று சிரிப்பவர்கள் சித்தரஞ்சன் பார்க்கை நினைத்துப் பார்க்கலாம். கிழக்குப் பாகிஸ்தான் அகதிகள் காலனி என்றுதான் அதற்கு முதலில் பெயர். குடியேறிய வங்காளிகள் காலூன்றிய பிறகு அகதியும் வேண்டாம், காலனியும் வேண்டாம் என்று தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பெயருக்கு மாறிவிட்டார்கள். ஆனால் அவர்கள் கையில் மனைப் பட்டா இருந்தது. பெயர் அதற்குப் பிறகு வந்தது.

டில்லித் தமிழர்கள் பலரின் ஜாதிச் சான்றிதழிலும் பிள்ளைகளின் டி.சி.யிலும் ஊர் விலாசம் ‘காலனி’ என்றுதான் இருக்கிறது. அடுத்த முறை லீவில் ஊருக்குப் போகும்போது, தங்கள் தெருவின் பெயர் ஏட்டில் மாறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆதாரில் ஒரு பெயரும் சான்றிதழில் வேறொரு பெயரும் இருந்தால் ஆபீஸ் கவுண்ட்டரில் படும் அவஸ்தை, இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.