நானூறு ஆண்டு காத்திருந்த பாட்டு

கதையைக் கண்ணால் படிப்பதற்கு நெடுங்காலம் முன்பே மனிதன் அதைக் காதால் கேட்டான். பாட்டியார் சொன்ன கதையும், கோயில் மண்டபத்துக் காலட்சேபத்தில் கேட்ட கதையும் எழுத்தறிவுக்கு முன்னரே நம்மவர்க்குக் கிடைத்த செல்வங்கள். பின்னர் அச்சு வந்தது. கதை காதை விட்டுக் கண்ணுக்குப் போயிற்று. இன்றோ கைபேசியின் வழியே அது மீண்டும் காதுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இவ்வாறு வாசித்துப் பதிவு செய்யப்பெற்ற நூலை ஒலிநூல் என்கிறோம்.

நம் குடும்பங்களில் வளரும் சிறுவர் சிறுமியர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டிராகன் போர்களையும் காலப் பயணங்களையும் மணிக்கணக்கில் கேட்டிருப்பதைப் பெற்றோர் பலர் கவலையுடன் நோக்குகின்றனர். இதனால் யாது பயன் என்பது அவர்தம் வினா. நியாயமான வினாவே. அவ்வகைக் கதைகளுள் புகழ்பெற்ற ஒன்றையே எடுத்துக்கொண்டு இதற்கு விடை தேடுவோம்.

முதலில் ஒலிநூலின் பிறப்பைச் சிறிது அறிதல் நலம். அது பொழுதுபோக்குக்காகத் தோன்றியதன்று. பார்வையற்றோர்க்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் சட்டம் ஒன்று அமெரிக்காவில் 1931-ல் நிறைவேறிற்று. 1934-ல் அவர்களுக்கெனப் பேசும் நூல்கள் இசைத்தட்டுகளில் வெளிவரத் தொடங்கின. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழப் பதினைந்து நிமிடமே ஓடும். ஒரு நாவலுக்கு ஓர் அடுக்குத் தட்டுகள் வேண்டும். பிரிட்டனில் இப்பணி 1935-ல் தொடங்கிற்று. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்கள் அதனால் பெரும்பயன் பெற்றனர். 1952-ல் நியூயார்க்கில் இளம்பெண்கள் இருவர் காட்மன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, கவிஞர்களின் குரலையே தட்டில் பதித்து எல்லோர்க்கும் விற்றனர். பின்னர் ஒலிநாடா, குறுந்தகடு, கைபேசி என்று ஊர்தி மாறிற்றேயன்றி, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும் முறை மாறவில்லை.

இனிக் கதைக்கு வருவோம். ஆன் மெக்காஃப்ரி என்னும் அமெரிக்கப் பெண்மணி 1968-ல் வெளியிட்ட நாவல் ‘டிராகன்ஃப்ளைட்’. இதன் முதற்பகுதி 1967-ல் ஒரு பத்திரிகையில் வந்து, மறு ஆண்டு ஹியூகோ பரிசில் பங்கு பெற்றது. கதைக்காக அப்பரிசு பெற்ற முதற்பெண் இவரே. இந்நாவல் ஒலிநூலாகவும் வந்துள்ளது.

கதை நிகழும் உலகின் பெயர் பெர்ன். அங்கே சிவப்பு விண்மீன் ஒன்று நெருங்கிவரும் காலங்களில் வானிலிருந்து நூலிழைகள் போன்ற கொடிய உயிர்ப்பொருள் பொழியும். பயிரும் உயிரும் அதன் வாய்ப்பட்டால் எஞ்சா. தரையைத் தொடுமுன் அதை எரித்தழிக்க வல்லவை தீயுமிழும் டிராகன்களே. ஒவ்வொரு டிராகனும் முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் தனக்கென ஒரு மனிதரைத் தேர்ந்துகொள்ளும். அன்றுமுதல் இருவர் உள்ளமும் ஒன்றாகிவிடும். வீரர் ஓரிடத்தை மனத்தில் தெளிவாக எண்ணிக் காட்டினால், டிராகன் கடுங்குளிர் நிறைந்த ஒரு வெறுவெளியினூடே நொடிகளில் அங்கே சேர்த்துவிடும். காட்சி தெளிவற்றதாயின் இருவரும் திரும்புவதில்லை.

கதை தொடங்கும்போது இழைகள் விழுந்து நானூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பகை வாராதிருந்தமையால் மக்கள் அதை மறந்தனர். டிராகன்களுக்குத் தானியமும் இறைச்சியும் தருவது வீண் என்று முணுமுணுத்தனர். வெயர் எனப்படும் டிராகன் பாசறைகள் ஆறில் ஐந்து வெறிச்சோடிக் கிடந்தன. அங்கிருந்தோர் நானூறு ஆண்டுகட்கு முன் ஒரே சமயத்தில் மறைந்தனர். எங்கே சென்றனர் என்பதை எவரும் அறியார். எஞ்சியிருந்தது பெண்டன் என்னும் ஒரு வெயரே. அதன் தலைவி லெஸ்ஸா. பகைவன் தன் குலத்தை அழித்தபின், தன் மாளிகையிலேயே அடுக்களைப் பணிப்பெண்ணாக மறைந்து பத்தாண்டுகள் கழித்தவள் அவள்.

இழைகள் மீண்டும் விழத் தொடங்குகின்றன. ஒரு பாசறையின் டிராகன்கள் ஓர் உலகத்தைக் காக்கப் போதா. இந்நிலையில் துணைசெய்வது படையன்று; பழம்பாட்டு ஒன்று. காணாமற்போன வெயர்களைக் குறித்து வினா எழுப்பும் அப்பாட்டைப் பாணர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்தனர். எத்தனையோ நாவுகள் அதைப் பிழையின்றிப் பாடின. அதன் பொருளை மட்டும் எவரும் கேட்கவில்லை. டிராகன் இடத்தைக் கடப்பதுபோலக் காலத்தையும் கடக்க வல்லது என்பதை முன்பே தற்செயலாகக் கண்டிருந்த லெஸ்ஸா, அப்பாட்டின் விடையை உணர்கிறாள். மறைந்தோர் இறந்தாரல்லர், காலத்தைத் தாண்டித் தன் நாளுக்கே வந்துவிட்டனர். அவர்களை அழைத்துவரச் சென்றவள், அல்ல, செல்ல வேண்டியவள் தானே!

நானூறு ஆண்டு முன்னிருந்த ஓரிடத்தை மனத்தில் எண்ணுவது எவ்வாறு? அவளுடைய மாளிகையின் பழந்திரைச்சீலை ஒன்றில் அக்காலத்து வாயில் நுணுக்கமாக நெய்யப்பட்டிருந்தது. அதையே கண்ணில் நிறுத்தி, ராமோத் என்னும் பொன்னிற டிராகனின் மீதேறி ஒரே தாவலில் பின்னோக்கிச் செல்கிறாள். உயிர் போகும் நிலையில் அங்கே சேர்கிறாள். தம் காலத்துப் போர் முடிந்து வேலையற்றிருந்த ஐந்து பாசறை வீரர்களும் அவளுடன் சிறு சிறு தாவல்களாகப் புறப்பட்டு வருகின்றனர். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அவர்களைப் புரிந்துகொள்வது கடினமன்று.

கதை இத்துடன் நின்றிருந்தால் நல்ல வீரக்கதை என்று பாராட்டி விட்டிருக்கலாம். ஆசிரியர் 1971-ல் எழுதிய ‘டிராகன்குவெஸ்ட்’ என்னும் அடுத்த நூல், வந்தவர்களின் பிற்கால வாழ்வைக் கூறுகிறது. அவர்கள் தம் பழைய காலத்து உரிமைகளையும் மரியாதைகளையும் சிறிதும் குறையாமல் எதிர்பார்த்தனர். நானூறு ஆண்டுகளில் உழவரும் தொழிலாளரும் மாறிவிட்டதை அவருள் பலர் ஏற்கவில்லை. பூசல் முற்றிக் கத்திச் சண்டையாயிற்று. மாற இயலாதார் இறுதியில் தென்கண்டத்துக்கு அனுப்பப்பட்டனர். காக்க வந்தவரே சுமையாயினர். இதை எழுதியவரும் 1970-ல் தம் பிள்ளைகளுடன் அமெரிக்காவை விட்டு அயர்லாந்தில் குடியேறியவர். 2011-ல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தவர்.

இரு நூல்களையும் சேர்த்துப் பார்க்குமிடத்து ஓருண்மை விளங்குகிறது. பழமையைச் சுமந்து செல்வது மட்டும் போதாது; அதன் பொருளை ஒருவரேனும் கேட்டறிய வேண்டும். பொருள் கேட்கப்பட்ட பாட்டு உலகைக் காத்தது. பொருள் கேளாமல் பற்றிக்கொண்ட பழவழக்கம் வீட்டைப் பிளந்தது.

இது நம் வீடுகளுக்கு அயலான செய்தியன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளுள் எத்தனையோ பேர்க்குத் தமிழ் கேட்கும் மொழியாகவே இருக்கிறது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் அல்லது அவ்வூர் மொழியும். தமிழ் எழுத்து பலருக்கு வெறும் கோலம். ஆயினும் காது திறந்தே இருக்கிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தபோது, வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட குடும்பங்கள் உண்டு. அந்நாவல் இன்று ஒலிநூலாகவும் கிடைக்கிறது. ‘அ’னா ‘ஆ’வன்னா அறியாத பிள்ளையும் வந்தியத்தேவனோடு வீராணத்து ஏரிக்கரையில் குதிரை மீது செல்லலாம்.

ஆனால் ஓர் இடர் உண்டு. அச்சு நூலில் விளங்காத சொல்லின்முன் கண் தயங்கும். ஒலிநூலில் குரல் நில்லாது. விளங்காத சொல்லும் விளங்கிய சொல்லோடு சேர்ந்து ஓடிவிடும். தனியே ஹெட்போனில் கேட்கும் பிள்ளைக்கு நிறுத்திக் கேட்க ஆளில்லை. பெர்ன் உலகத்துப் பாட்டும் இப்படித்தான் நானூறு ஆண்டுகள் காதுகளைக் கடந்து சென்றது.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது இது. டிராகன் கதையைத் தடுக்க வேண்டா. ஹெட்போனைக் கழற்றச் சொல்லி, வாரத்தில் ஒரு மாலையேனும் எல்லோரும் கேட்க ஒலிக்கவிடுங்கள். அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தி, இதுவரை நடந்ததைத் தமிழில் சொல்லுமாறு கேளுங்கள். ‘டிராகனுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம், பறவை நாகமா, தீநாகமா’ என்று விவாதியுங்கள். மறுவாரம் தமிழ் ஒலிநூல் ஒன்றை அவ்வாறே கேளுங்கள். பிள்ளை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால், கதை சற்று நிற்கட்டும்; அகராதியைப் புரட்டுங்கள், அல்லது ஊரிலுள்ள பாட்டியாருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அவர் சொல்லும் விளக்கத்தோடு வேறொரு கதையும் வரக்கூடும். அதையும் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள்.