கார்லுக்குச் சதுரம், எல்லிக்கு வட்டம்

பிக்சாரின் 'அப்' (2009) படத்தில் கார்ல் தாத்தா வீட்டுக் கூடத்தில் இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். தாத்தாவுடையது சதுரம். மனைவி எல்லியுடையது வளைந்த முதுகோடு இருக்கும். தாத்தாவின் தலை, தாடை, மூக்குக் கண்ணாடி எல்லாமே கட்டம் கட்டமாகத்தான். எதற்கும் அசைந்துகொடுக்காத ஆள் என்பது அவர் வாய் திறக்கும் முன்பே நமக்குப் புரிந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட முடிவுகளைப் படம் வரைந்து வரைந்து கண்டுபிடிப்பதுதான் கான்செப்ட் ஆர்ட். படத் தயாரிப்பில் இந்தத் தேடல் நடக்கும் நிலை முழுவதற்கும் விஷுவல் டெவலப்மென்ட் என்று பெயர். 'அப்' படத்தில் இதற்குப் பொறுப்பேற்ற புரொடக்ஷன் டிசைனர் ரிக்கி நியர்வா. நிஜ ஆட்களை வைத்து எடுக்கும் படமென்றால், தெருவில் கேமராவை வைத்ததும் சுவரும் மரமும் தானாக வந்து விழும். அனிமேஷனில் யாராவது யோசித்து வரையாவிட்டால் ஒரு டம்ளர்கூடக் கிடையாது. கணினியில் உருவத்தைச் செதுக்கி, அசையவைத்து, ஒளியூட்டிய பிறகு மனம் மாறினால் பணமும் மாதங்களும் போகும். காகிதத்தில் மாறினால் ஒரு தாள் போகும், அவ்வளவுதான்.

வரைவதற்கு முன் பார்க்கவும் வேண்டும். இயக்குநர் பீட் டாக்டர் 2004-இல் ஓவியர்களோடு வெனிசுவேலாவுக்குப் போய், தெபுயி எனப்படும் தட்டை உச்சி மலைகளின் மேல் ஏறி உட்கார்ந்து வரைந்தார். படத்தில் வரும் விசித்திரப் பாறைகளுக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு இதில் மிகப் பிடித்தது கலர் ஸ்கிரிப்ட். காட்சி வரிசைப்படி சின்னச் சின்னப் படங்கள். முகபாவம், நுணுக்கம் எதுவும் இருக்காது, நிறமும் வெளிச்சமும் மட்டும். முழுப் படத்தின் மனநிலையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 'டாய் ஸ்டோரி'க்கு (1995) ரால்ஃப் எகில்ஸ்டன் இதைப் பாஸ்டலில் தீட்டினார். 'அப்' படத்தில் எல்லியின் நிறம் இளஞ்சிவப்பு. அவள் இறந்ததும் வீட்டிலிருந்து நிறமே வடிந்துபோகிறது. பிறகு பலூன்களோடு வீடு கிளம்பி மேலே போகும்போது, ஒரு சிறுமியின் அறைக்குள் ஜன்னல் வழியே பல வண்ண வெளிச்சம் நகர்ந்து போகும். சில நொடிகள்தான். ஆனால் அந்த நொடிகளுக்காகத்தான் அதுவரை நிறத்தை அவ்வளவு கஞ்சத்தனமாகச் செலவழித்திருக்கிறார்கள்.

இந்த ஓவியங்கள் அப்படியே திரைக்கு வருவதில்லை. டிஸ்னியின் 'சிண்ட்ரெல்லா' (1950), 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' (1951), 'பீட்டர் பேன்' (1953) படங்களுக்கு மேரி பிளேர் வரைந்தவை கனமில்லாத தட்டை வடிவங்கள். நிறங்கள் ஒன்றோடொன்று மோதும். வால்ட் டிஸ்னிக்கு அவை உயிர். ஆனால் திரையில் உருண்டு திரண்டு நடக்க வேண்டிய பாத்திரங்களுக்கு அந்தத் தட்டை வடிவம் ஒத்துவரவில்லை. பிளேரின் வண்ணச் சேர்க்கைகளைத்தான் படங்கள் எடுத்துக்கொண்டன. படங்களைவிட அவர் ஓவியங்களே மேல் என்பது என் கட்சி.

இதைத் தொழிலாகக் கற்க நினைப்பவர்கள் 'தி ஆர்ட் ஆஃப் அப்' போன்ற புத்தகங்களைப் புரட்டலாம். முடிவான படங்களை வேகமாகத் தாண்டிவிட்டு, அவற்றுக்கு முந்தைய வரைவுகளில் நில்லுங்கள்.