அட்டிக்கில் கிடக்கும் அந்த மஞ்சள் டப்பா

அமெரிக்கத் தமிழர்களுக்கு 1965 இரண்டு வகையில் முக்கியமான வருஷம். அந்த அக்டோபரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நாட்டுக்கு இத்தனை பேர் என்றிருந்த பழைய ஒதுக்கீடு ஒழிந்தது, நம்ம ஊர் டாக்டர்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் கதவு திறந்தது. அதே வருஷம்தான் கோடாக் நிறுவனம் சூப்பர் 8 பிலிமைக் கடைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன்பு வீட்டுப் படம் எடுப்பவர்கள் பிலிம் சுருளை வெளிச்சம் படாமல் கையால் கோத்து மாட்ட வேண்டும். சூப்பர் 8-ல் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளி மூடி பட்டனை அழுத்தினால் படம் ஓடும். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து இறங்கிய இளைஞர்களில் பலர், முதல் காருக்கு அடுத்தபடியாக வாங்கியது இந்தக் கேமராவாகத்தான் இருக்கும்.

அந்த இளைஞர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு போய் இருக்கிறார்கள், அல்லது முதியோர் குடியிருப்புக்கு மாறுகிறார்கள். சிலர் இல்லை. வீட்டைக் காலி செய்யும்போது அட்டிக்கிலோ பேஸ்மென்டிலோ ஒரு ஷூ பெட்டி அகப்படுகிறது. உள்ளே சின்னச் சின்ன மஞ்சள் டப்பாக்கள். மேலே அப்பா கையெழுத்தில் ‘இந்தியா 1972 – ரீல் 3’. உடனே அண்ணன் தம்பி வாட்ஸ்அப் குரூப்பில் கேள்வி: "இதை என்னடா பண்றது? புரொஜெக்டர்கூட இல்லையே." யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அந்தப் பெட்டி குப்பை வண்டிக்குப் போய்விடும்.

போகக் கூடாது. ஏன் என்பதற்கு முதல் காரணம் ரொம்ப எளிமையானது. போட்டோவுக்கு நெகட்டிவ் இருக்கும், தொலைந்தால் இன்னொரு பிரதி போடலாம். வீட்டு சினிமாவுக்கு அது கிடையாது. அன்றைக்குக் கேமராவுக்குள் ஓடிய பிலிமைத்தான் கழுவி அப்படியே திருப்பி அனுப்பினார்கள். பாட்டி முகத்தில் பட்ட வெயில் பட்டது அந்தத் துண்டு பிலிமில்தான். உலகத்தில் அது ஒன்றே ஒன்று.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்? ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடி பிலிம். வழக்கமான வேகத்தில் 3 நிமிஷம் 20 வினாடி, அவ்வளவுதான். பிலிமுக்கும் காசு, கழுவவும் காசு. அதனால் இப்போது செல்போனில் எடுப்பதுபோல் யாரும் இஷ்டத்துக்கு எடுக்கவில்லை. முதல் பனி, புதுக் கார், குழந்தையின் முதல் நடை, நயாகரா. அப்புறம் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஊர்ப் பயணம். ஊரில் எடுத்ததைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும்: எல்லாமே வெளியில் எடுத்தது. திண்ணை, தெரு, கிணற்றடி, மொட்டை மாடி. அன்றைய கலர் பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், வீட்டுக்குள் இருக்கும் ஒரு குண்டு பல்பு போதாது. அதனால் அடுக்களை இல்லை, பூஜை அறை இல்லை, கூடத்து ஊஞ்சல் இல்லை. வாழ்நாள் முழுக்க அடுப்படியில் நின்ற பாட்டியை வாசலுக்குக் கூப்பிட்டு, பத்து மணி வெயிலில் நிறுத்திப் படம் பிடித்திருப்பார்கள். அவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல் அசையாமல் நிற்பார். "சினிமாம்மா, அசையணும்" என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். சட்டென்று மொத்தக் குடும்பமும் எங்கே போவதென்று தெரியாமல் நடக்க ஆரம்பிக்கும்.

இன்னொன்று, எடுத்தவர் படத்தில் இருக்க மாட்டார். பெரும்பாலும் அப்பா. பத்து ரீல் ஓடினாலும் அவரைத் தரையில் விழுந்த நிழலாகத்தான் பார்க்க முடியும்.

சத்தமும் கிடையாது. ஒலியோடு எடுக்கும் சூப்பர் 8 பிலிம் 1973-ல்தான் வந்தது, அதுவும் விலை கூடுதல். நம்மவர்களின் படங்களில் பெரும்பாலானவை ஊமைப் படங்கள். என் பார்வையில் அவசரம் இங்கேதான் இருக்கிறது. ஓரளவு நன்றாக வைத்திருந்த பிலிம் இன்னும் பல வருஷம் தாங்கும். அதில் தெரிகிறவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர் அத்தனை வருஷம் இருக்க மாட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படி நடந்தது. ரீல்களை ஸ்கேன் செய்து டிவியில் போட்டார்கள். பிள்ளைகளுக்கு அது யாரோ சிலர் கிணற்றடியில் நிற்கும் படம், நாற்பது வினாடி. எண்பத்து மூன்று வயது அம்மா மட்டும் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றுவிட்டார். "இது எங்க சின்ன அத்தை. கல்யாணமாகி நாக்பூர் போனவ, அதுக்கப்புறம் ஊருக்கே வரலை. கட்டியிருக்கா பாரு, அந்தப் புடவை நான் குடுத்தது. நிறுத்து, நிறுத்து... பின்னாடி பம்ப் தெரியுது பார், அந்த வருஷந்தான் போட்டாங்க. அதுக்கு முன்னாடி நாங்கதான் இறைப்போம்." நாற்பது வினாடிப் படத்துக்கு இருபது நிமிஷம் பேசினார். பேரன் செல்போனில் அதைப் பதிவு செய்து வைத்தான். அந்தப் பதிவு இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கு அது இன்றைக்கும் யாரோ சிலர் நிற்கும் படம்தான். ஸ்கேன் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் பெரியவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள், பேசுவதைப் பதிவு செய்யுங்கள். உயர்தர ஸ்கேன் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

அதற்காக இ-பேயில் ஒரு பழைய புரொஜெக்டர் வாங்கி, பொங்கலன்று எல்லோரையும் கூப்பிட்டுச் சுவரில் ஓட்டிவிடாதீர்கள். ஐம்பது வருஷப் பிலிம் சுருங்கியிருக்கும். ஓரத்துத் துளைகள் புரொஜெக்டரின் பல்லில் சரியாக உட்காராது, கிழியும். நடுவில் சிக்கி நின்றால் விளக்குச் சூட்டில் அந்த இடம் உருகிப் பொத்தலாகிவிடும், எல்லோர் கண் முன்னாலும்.

முதலில் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வினிகர் வாடை அடித்தால், பிலிமின் அடித்தளமான அசிடேட் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வெளிவரும் அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்தில் இருக்கும் ரீலையும் கெடுக்கும். அதைத் தனியே எடுத்து வையுங்கள், முதலில் ஸ்கேனுக்குப் போக வேண்டியதும் அதுதான். ஒலிக்காகக் காந்தப் பட்டை ஒட்டிய பிலிமில் இது சீக்கிரம் வரும். சூடும் ஈரமும்தான் பிலிமுக்கு எமன், ஆகவே கோடையில் கொதிக்கும் அட்டிக்கும் வேண்டாம், ஓதம் ஏறும் பேஸ்மென்டும் வேண்டாம். வீட்டின் நடுவே உள்ள அலமாரி போதும். தீப்பிடிக்குமோ என்ற பயம் வேண்டாம். எளிதில் பற்றிக்கொள்ளும் நைட்ரேட் பிலிம் பழைய 35 மில்லிமீட்டர் சினிமாவுக்கானது, 8 மில்லிமீட்டரில் அது வந்ததில்லை. கோடாக்ரோம் பிலிமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இருட்டில் வைத்திருந்தால் அதன் நிறம் ஆச்சரியப்படும்படி அப்படியே இருக்கும். மற்ற சில கலர் பிலிம்கள் இந்நேரம் வெளுத்துச் சிவப்பேறியிருக்கும்.

ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாலே கடையின் தரம் தெரிந்துவிடும்: "ஒவ்வொரு பிரேமாக ஸ்கேன் செய்கிறீர்களா, இல்லை திரையில் ஓடவிட்டு வீடியோ எடுக்கிறீர்களா?" இரண்டாவது என்றால் வேறு கடை பாருங்கள். ஓட்ட வேகத்தையும் சொல்லிவிடுங்கள். சூப்பர் 8 வினாடிக்கு 18 பிரேம், அதற்கு முந்தைய 8 மில்லிமீட்டர் பெரும்பாலும் 16. அதை 24-ல் ஓட்டினால் தாத்தா சார்லி சாப்ளின் மாதிரி நடப்பார். வேலை முடிந்ததும் சில இடங்களில், "ஒரிஜினலை நாங்களே அப்புறப்படுத்திவிடட்டுமா?" என்று பரிவோடு கேட்பார்கள். கூடவே கூடாது. 2000 வாக்கில் டிவிடிக்கு மாற்றிவிட்டு பிலிமைத் தூக்கிப் போட்ட குடும்பங்கள், இன்றைக்கு அந்த மங்கல் டிவிடியைப் போட டிரைவ் உள்ள கம்ப்யூட்டரைத் தேடிக்கொண்டிருக்கின்றன.

வீட்டுச் சமாச்சாரம்தானே, வெளியாருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை யூட்டா மாநிலத்து டோபாஸ் முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே டேவ் டட்சுனோ என்பவர் தடையை மீறி 8 மில்லிமீட்டர் கேமராவில் குடும்பத்தையும் அக்கம்பக்கத்தையும் எடுத்தார். அந்த வீட்டுப் படம் 1996-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. நம் கதை அவ்வளவு துயரமானது இல்லைதான். ஆனால் நியூயார்க் பிளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு 1977 ஜூலை 4-ம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் யார் கையிலாவது சூப்பர் 8 இருந்திருக்காதா? வாடகை ஹாலில் நடந்த முதல் பொங்கல், கார் டிக்கியில் வந்த முதல் கிரைண்டர், இதையெல்லாம் எந்தப் பத்திரிகையும் படம் பிடிக்கவில்லை.

2008-ல் தொடங்கிய, பிலடெல்பியாவிலிருந்து இயங்கும் தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணக் காப்பகம், குடும்பங்களிடமிருந்து டிஜிட்டல் பிரதியை மட்டும் வாங்கிக்கொள்கிறது, மூலம் நம் வீட்டிலேயே இருக்கும். 2002-ல் பிலிம் காப்பாளர்கள் ஆரம்பித்த 'ஹோம் மூவி டே' பல ஊர்களில் நடக்கிறது. ரீலைக் கொண்டு போனால் விவரம் தெரிந்தவர்கள் பரிசோதித்து, ஓட்டும் நிலையில் இருந்தால் அங்கேயே ஓட்டிக் காட்டுவார்கள். தமிழ்ச் சங்கங்களும் தீபாவளி நிகழ்ச்சியில் நான்காவது சினிமாப் பாட்டு நடனத்துக்குப் பதில் இப்படி ஒரு மதியம் வைக்கலாம்.

டப்பாவின் மேல் உள்ள எழுத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள், உள்ளே உள்ள ரீலில் அந்த விவரம் இருக்காது. ஸ்கேன் பைலையும் பெரியவர்களின் பேச்சுப் பதிவையும் ஒரே போல்டரில் போட்டு, அண்ணன் வீட்டில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று, ஊரில் சித்தப்பா பையனிடம் ஒன்று என்று கொடுத்துவிடுங்கள். பெட்டியில் கழுவாத கோடாக்ரோம் கார்ட்ரிட்ஜ் ஒன்று மிஞ்சியிருந்தால் அதையும் எறிய வேண்டாம். அந்தப் பிலிமைக் கலரில் கழுவிக் கொடுத்த கடைசி லேப், கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் ஊரில் இருந்தது, 2010-ன் கடைசியோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. ஆனால் கறுப்பு வெள்ளையில் கழுவிக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.