பிடிப்பது சுலபம், விடுவிப்பதுதான் செலவு

கோலார் தங்கவயலின் ஊரிகம் பக்கம் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது தங்கச் சுரங்கமல்ல, சாம்பல் நிற மண் குன்றுகள். உள்ளூர்க்காரர்களுக்கு அவை சயனைடு மலைகள். பாறையைப் பொடியாக்கி, அதன்மீது நீர்த்த சயனைடு கரைசலை ஓடவிட்டால் தங்கம் மட்டும் கரைசலோடு வந்துவிடும்; பிறகு துத்தநாகத்தைச் சேர்த்தால் கரைசல் தங்கத்தைக் கைவிடும். 1887-ல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டுபிடித்த வழி இது. தங்கம் கப்பலேறியது. 2001 பிப்ரவரியில் சுரங்கங்களும் மூடப்பட்டன. எஞ்சியது சுமார் 3.3 கோடி டன் பொடி. காற்று வீசும் மாதங்களில் அதன் தூசி வீடுகளுக்குள் வந்து படிகிறது.

பலவற்றின் நடுவே ஒன்றை மட்டும் பிடித்து, வேண்டியபோது விட்டுவிடும் திரவம். அதே தந்திரத்தைத்தான் இப்போது கரியமில வாயுவிடம் காட்டப் பார்க்கிறார்கள் விஞ்ஞானிகள். அனல் மின் நிலையப் புகையில் பெரும்பகுதி நைட்ரஜன். கரியமில வாயு 12 முதல் 15 சதவீதம்தான். அதைப் பொறுக்கி எடுக்கும் வேலைக்குப் பழைய ஆள் அமீன், அதாவது அமோனியாவின் உறவுக்கார ரசாயனம். இதற்கு 1930-லேயே அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டாகிவிட்டது. குளிர்ந்த நிலையில் வாயு அமீனோடு ஒட்டிக்கொள்ளும். 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விலகிவிடும்.

தொல்லை அந்தச் சூட்டில்தான். வழக்கமான கரைசலில் 70 சதவீதம் வெறும் தண்ணீர். வாயுவை விடுவிப்பதற்காக அத்தனை தண்ணீரையும் ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்தாக வேண்டும். மின் நிலையம் தன் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ இதற்கே இழக்க நேரிடும். போதாக்குறைக்கு, அமீன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், சிதையும், குழாய்களையும் அரிக்கும்.

தண்ணீரே இல்லாவிட்டால்? சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டும். ஆனால் சில விசித்திர உப்புகள் அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கின்றன. அவற்றின் அயனிகள் பருமனாக, கோணல்மாணலாக இருப்பதால் படிகமாக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. இந்த 'அயனித் திரவங்கள்' ஏறக்குறைய ஆவியாவதே இல்லை. 2002-ல் அமெரிக்காவின் தெற்கு அலபாமா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேவிஸ் குழுவினர் அத்தகைய அயனி ஒன்றில் அமீனைக் கொக்கி போல மாட்டினார்கள். திரவம் தன் எடையில் 7.4 சதவீதம் வாயுவை விழுங்கியது. வெற்றிடத்தில் வைத்துச் சூடேற்றியதும் திருப்பிக் கொடுத்தது. அதில் ஒரு வாயு மூலக்கூறைப் பிடிக்க இரண்டு அமீன்கள் தேவைப்பட்டன. 2010-ல் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் ஜோன் பிரென்னெக்கெ குழு, அமினோ அமிலங்களைக் கொண்டு அதை ஒன்றுக்கு ஒன்று ஆக்கியது.

ஆய்வகத்தில் வெற்றி. தொழிற்சாலைக்கு வரும்போது முட்டுக்கட்டை. வாயுவை விழுங்கியதும் இந்தத் திரவங்களில் பல வெல்லப்பாகு போல இறுகிவிடுகின்றன. பாகை எந்த பம்ப் தள்ளும்? விலையும் அதிகம். எனவே துளைகள் நிறைந்த திடப்பொருள்மீது இதை மெல்லிய படலமாகப் பூசிப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன.

இதற்கிடையே தொழிற்சாலைவரை வந்து சேர்ந்தது, அயனித் திரவத்தின் தூரத்து உறவு ஒன்று. அமீனையும் உப்பையும் கலந்த கரைசல் அது. வந்த இடம் தூத்துக்குடி. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனிருத்த சர்மாவும் பிரதீக் பம்பும் 2009-ல் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையின் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் திட்டம் 2016-ல் இயங்கத் தொடங்கியது. அரசு மானியம் இல்லை. டன்னுக்கு 30 டாலர்தான் செலவு என்றது நிறுவனம். ஆலை நிர்வாகமும் உலகைக் காக்கப் புறப்பட்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை: உப்பு, அமோனியா, கரியமில வாயு மூன்றும் சேர்ந்தால்தான் சோடா உப்பு, வாயு தடையில்லாமல் கிடைக்க வேண்டும், அவ்வளவே. அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். 500 மெகாவாட் அனல் மின் நிலையம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் கரியமில வாயுவைக் கக்குகிறது. 60,000 டன் என்பது அதன் ஒரு வாரப் புகை. பிடித்த வாயுவும் நிரந்தரமாகச் சிறைப்படுவதில்லை. சோடா உப்பு கண்ணாடி உலையில் உருகும்போது மறுபடி வானத்துக்கே போகிறது.

திரவத்தின் பின்கதை வேறு. புகைபோக்கி வழியே தப்பும் அமீன், காற்றில் நைட்ரோசமீன்களாக மாறக்கூடும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. நார்வேயின் மோங்ஸ்டாட்டில் இந்தக் கவலை பெரிய விவாதமாயிற்று. அயனித் திரவம் காற்றில் பறக்காது என்பது உண்மை. ஆனால் அவற்றில் பல தண்ணீரில் கரையும், சில நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, எளிதில் மட்குவதும் இல்லை. பழைய திரவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்வி ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் வருகிறது. ஊரிகத்தில் அது இன்னும் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அங்குள்ள 13 குன்றுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல்தான் ஒப்புதல் தந்தது.