நிலமறிந்து கிழங்கு நடுவோம்

பூச்செடியின் கிழங்கு அதன் களஞ்சியம். ஒவ்வாத பருவத்தைச் செடி அதற்குள் உறங்கியே கழிக்கின்றது. மத்திய ஆசிய மலைகளுக்குரிய ரியூலிப், ஏறக்குறைய 12 வாரக் குளிரின்றிச் செவ்வனே பூவாது. யாழ்ப்பாணத்து வெப்பத்தில் அதனை நாம் நடுதல் வீண்செலவே. நமது கார்த்திகைப்பூவாகிய காந்தளோ கோடையில் உறங்கி, மாரியில் தளிர்த்துப் பூத்து, மழை ஓய்ந்தபின் மடிகின்றது. நீர் தேங்காத மண்ணும், பற்றிப்படர ஒரு வேலியும் அதற்குப் போதும். ஆயினும் அதன் கிழங்கில் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சுண்டு. வத்தாளங்கிழங்கென மயங்கி உண்டு மாண்டோருமுளர். ஆதலின், சிறுவருள்ள வீட்டில் அதனைத் தவிர்த்து, நல்ல வெயில்படும் பாத்தியில் நிலசம்பங்கியை நடுவோம். எக்கிழங்கை வாங்குமுன்னரும், நம் நிலம் எப்போது நனையும், எப்போது காயும் என்பதை முதலில் அறிவோமாக.