சீல் பூட்டு அல்ல, சாட்சி!



மூட்டை வாயிலும் டின் மூடியிலும் தொங்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சீலை நம்மில் எத்தனை பேர் உற்றுப் பார்க்கிறோம்? "சீல் இருக்கிறதா? சரி, இறக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும், நஷ்டத்தைவிடப் பெரிய தலைகுனிவையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது நேரக்கூடாது என்பதே நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் போடிநாயக்கனூரிலிருந்து மதுரையில் உள்ள எங்கள் கடைக்கு நான்கு மூட்டை ஏலக்காய் வந்தது. மூட்டைக்கு 50 கிலோ. நான்கின் வாயிலும் சிவப்பு சீல். "சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று லாரி ரசீதில் நான் கையெழுத்துப் போட்டேன். என் சிப்பந்தி சீல்களை வெட்டினார். லாரி போன பிறகு எடை போட்டால், ஒரு மூட்டையில் 3 கிலோ குறைவு!

சீல் உடையாமல் வந்தது. ஆகவே சரக்கு கடைக்குள்தான் காணாமல் போயிருக்க வேண்டும் என்று அவசரப்பட்டு முடிவு கட்டினேன். பதினோரு வருடம் என்னிடம் வேலை பார்த்தவரை நாலு பேர் முன்னிலையில் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். "முதலாளி, சீலை வெட்டினதுதான் நான். சரக்கைத் தொடலை" என்றார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

அன்று போடி மண்டிக்காரரிடம் போனில் பேசினேன். "அண்ணாச்சி, பில்லுக்குப் பின்னால் சீல் நம்பர் எழுதியிருந்தேனே, பார்த்தீர்களா?" என்றார். நான் பார்க்கவில்லை. நல்லவேளையாக, வெட்டிய சீல்கள் சாக்கு நூலோடு ஒரு மூலையில் கிடந்தன. எடுத்து ஒப்பிட்டேன். மூன்று நம்பர்கள் பொருந்தின. நான்காவது பொருந்தவில்லை. நிறம் அதே சிவப்பு, நம்பர்தான் வேறு. வழியில் யாரோ சீலை வெட்டி, சரக்கை அள்ளிக்கொண்டு, வேறு சீல் மாட்டியிருக்கிறார்கள்.

அன்று மாலையே சிப்பந்தியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு திரும்பி வந்தார். 3 கிலோவுக்கான பணம் வரவில்லை. நல்ல நிலையில் பெற்றதாக நானே கையெழுத்துப் போட்ட பிறகு, லாரிக்காரர் எதற்காகத் தருவார்?

இந்தச் சீலின் அமைப்பு எளிமையானது. வாலில் பற்கள், தலைக்குள் ஒரு நாக்கு. வால் உள்ளே போகும், திரும்பி வராது. திறக்க வேண்டுமானால் வெட்டியாக வேண்டும். வெட்டினால் மறுபடி பயன்படாது. அவ்வளவுதான் அதன் வேலை. கத்தரிக்கோலால் வெட்டக்கூடிய பொருள் திருடனைத் தடுக்குமா? தடுக்காது. "யாரோ திறந்திருக்கிறார்கள்" என்று சாட்சி சொல்லும். சாட்சியை விசாரிக்காமல் விட்டால் அது என்ன செய்யும்?

கன்டெய்னர் சீல்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17712 என்ற சர்வதேசத் தரமும் இதையே சொல்கிறது. அதில் மூன்று வகை உண்டு. உயர் பாதுகாப்பு வகை இரும்பு போல்ட் அல்லது கேபிள் போன்றது. நாம் வாங்கும் சாதாரண பிளாஸ்டிக் சீலோ, திறந்ததைக் காட்டும் "அறிகுறி" வகையில் மட்டுமே சேரும்.

எடைக் குறைவோடு போனால் பரவாயில்லை, சில சமயம் உயிரே போகிறது. 1982இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலனால் மாத்திரைப் புட்டிகளில் யாரோ சயனைடு கலந்ததால் 7 பேர் இறந்தனர். அதன் பிறகே, திறந்தால் தெரியும்படியான பேக்கிங் அங்கே மருந்துகளுக்குக் கட்டாயமானது. நம் நாட்டில் 1998இல் டெல்லியில் கலப்படக் கடுகு எண்ணெயால் பலர் உயிரிழந்தனர். அதே ஆண்டு சமையல் எண்ணெய் பேக்கிங் ஒழுங்குமுறை ஆணை வந்தது. ஆகவே எண்ணெய் பாட்டிலிலோ தண்ணீர் கேனிலோ மூடி வளையம் அறுந்திருந்தால், சிறு கடைக்காரர்கள் தயவுசெய்து அதை விற்க வேண்டாம். உடனே திருப்பி அனுப்புங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் கடையில் கடைப்பிடிக்கும் முறைகள் இவை:

1. நம்பர் இல்லாத சீலை வாங்குவதில்லை. கடைப் பெயரும் தொடர் எண்ணும் அச்சிட்டே வாங்குகிறோம்.

2. புதிய சீல்கள் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டில் இருக்கும். வீணான சீலுக்கும் நோட்டில் கணக்கு உண்டு.

3. மாட்டும்போது வாலை நன்றாக இழுத்து இறுக்க வேண்டும். தளர்வாக விட்டால் சீல் அப்படியே இருக்க, உள்ளே கை போய்விடும்.

4. சீல் நம்பரைப் பில்லிலும் லாரி ரசீதிலும் எழுதுகிறோம். சரக்கோடு போகும் காகிதத்தை மட்டும் நம்பாமல், வாங்குபவருக்கு வாட்ஸ்அப்பில் படமும் அனுப்புகிறோம்.

5. சரக்கு வந்தால் முதலில் நம்பர், அடுத்து மூட்டைத் தையல், பிறகு எடை. எல்லாம் டிரைவர் முன்னிலையில். கையெழுத்து கடைசியில்தான். வாயில் சீல் பத்திரமாக இருக்க, அடித் தையலைப் பிரித்து எடுப்பவர்களும் உண்டு.

6. குறை இருந்தால் ரசீதிலேயே எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்குகிறோம். வெட்டிய சீலைக் கணக்கு முடியும்வரை எறிவதில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் போக்குவரத்து நிறுவனத்துக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்குப் போட வழியில்லை. வாய்ப்பேச்சில் காலம் கடத்தாதீர்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். நான்கு நம்பர்களை ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய், நாணயமான ஒரு மனிதரைத் திருடன் என்று சொன்னவன் நான். இன்றும் எங்கள் கடையில் சீல் வெட்டுவது அவர்தான். நம்பரை வாசிப்பது நான்.